வெர்லின் யார் பக்கம்

வெர்லின் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து கூடைப்பந்து அரங்கத்தின் குறுக்கே தன்னை நோக்கி நடந்து வருவதை ஆர்டித் பார்த்தாள். பார்த்தும் பாராதது போலக் கையிலிருந்த, தன் வேட்பாளரின் பெயர் போட்ட ஸ்டிக்கர் சுருளைச் சுற்றத் தொடங்கினாள். அவன் காலில் சாம்பல் நிறக் காலுறை மட்டும்தான் இருந்தது. பனியும் உப்பும் ஒட்டிய பூட்ஸோடு மரத்தரையில் ஏறக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வந்த ஊர் மொத்தமும் காலுறையோடு நின்றது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய நார்பர்ட்டின் கட்டைவிரல் ஓட்டை வழியே வெளியே தெரிந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இந்தத் தேர்வு ரகசியமாக நடப்பதில்லை. பிடித்த வேட்பாளரின் பெயர் ஒட்டிய மூலையில் ஊரறியப் போய் நிற்க வேண்டும். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைந்துவிடும்; தேறிய மூலைகளிலிருந்துதான் மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகள் போவார்கள். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம். மனம் வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம். முதல் எண்ணிக்கை முடிந்திருந்தது. செனட்டர் வின்ஸ்லோவின் மூலைக்கு ஒரே ஒரு ஆள் குறைந்தது. அந்த மூலையின் தலைவி ஆர்டித். எதிர்மூலை லிடியா மார்ஷுடையது. அங்கே கூட்டம் பிதுங்கியது. அதன் தலைவன் அவளுடைய தம்பி வெர்லின்.

இருவரும் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆர்டித்தின் கணவர் இறந்ததிலிருந்து வெர்லினுக்கு ராச்சாப்பாடு அக்கா வீட்டில்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவன், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தான். ஆகஸ்டில் ஒரு நாள் வேகவைத்த சோளக்கதிரைக் கடித்துக்கொண்டே, தான் மார்ஷுக்காக வேலை செய்யப்போவதாகச் சொன்னான். அந்தப் பெண்ணை நிறுத்தினால் எதிர்க்கட்சிக்கு நாட்டைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரிதான் என்றாள் இவள். நீ பிறந்ததிலிருந்து பயந்து பயந்தே ஓட்டுப் போடுகிறாய், ஒரு தடவையாவது பிடித்தவருக்குப் போட்டிருக்கிறாயா என்று கேட்டான் அவன். வார்த்தை தடித்தது. பாதிக் கதிரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவன் பிறகு வரவே இல்லை. வீம்பில் அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

ஊரும் அவர்களைப் போலவே இரண்டானது. பெட்ரோல் பங்கில் காலைக் காப்பி குடிக்கும் கிழவர்கள் ஒரு மேசையை விட்டு இரண்டு மேசைகளில் உட்கார்ந்தார்கள். கூடிப் போர்வை தைக்கும் பெண்கள் பக்கத்துக்கொரு கிழமையைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சிக்காரனோடு சண்டை என்றால் அவன் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். சொந்தக் கட்சிக்காரனை அப்படி விட முடிவதில்லை.

“பாரு, வரான்,” என்றாள் பக்கத்தில் நின்ற டெல்ஃபா. ஆர்டித்தின் நெடுநாள் சிநேகிதி அவள். வின்ஸ்லோவுக்காக அவளோடு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவள். “தானாடாட்டியும் தன் சதையாடும்னு சும்மாவா சொன்னாங்க?”

மூலையில் இருந்த மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள். யாரோ ஒருவர் கைதட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மார்ஷ் பக்கத்திலிருந்து ஒருவர் விளையாட்டாக ஊளையிட்டார்.  ஊர் முன்னால் வெர்லினை நிறுத்திப் பேசவைக்க வேண்டாம் என்று ஆர்டித்தே நான்கு எட்டு முன்னே போனாள். அரங்கத்தின் நடு வட்டத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். சத்தத்தில் அவன் சொன்னது அவளைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை.

“ஆர்டி, உன் மூல தேறாது,” என்றான். “ஆளுங்கள என்கிட்ட அனுப்பு. கௌரவமா வரட்டும்.”

“ஒருத்தரக்கூடத் தரமாட்டேன்.”

“பாக்கலாம்,” என்று சிரித்தான்.

சிரித்த முகம் மாறுவதற்குள் யாரோ கூப்பிட்டது போலப் பக்கவாட்டில் திரும்பினான். முதலில் முழங்காலில் உட்கார்ந்தான். பிறகு பக்கத்தில் சாய்ந்தான். அவன் கோமாளித்தனம் செய்கிறான் என்றே ஆர்டித் நினைத்தாள். சின்ன வயதிலிருந்தே தோற்கும் ஆட்டத்தில் அப்படி விழுந்து சிரிக்கவைப்பது அவன் பழக்கம்.

“எந்திரி, வெர்லின்,” என்றாள். “எல்லாரும் பாக்கறாங்க.”

அவன் எழவில்லை. மார்ஷ் மூலையிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். வின்ஸ்லோ மூலையில் நின்ற ஓய்வுபெற்ற நர்ஸும் வந்தாள். இருவரும் மாறி மாறி அவன் மார்பை அமுக்கினார்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்க சுவரில் மாட்டியிருந்த இயந்திரத்தை யாரோ கழற்றிக்கொண்டு வந்தார்கள். அவன் தலை ஆர்டித்தின் மடியில் இருந்தது. சுற்றிலும் காலுறைகள் மட்டும் அவளுக்குத் தெரிந்தன. கட்டம் போட்டவை, பூப்போட்டவை, குதிகால் தேய்ந்தவை. நேற்று ராத்திரி கோழி சூப் நிறைய மிஞ்சிவிட்டதே, இவனுக்குக் கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று அந்த நேரத்தில் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று அவளுக்கே விளங்கவில்லை.

மாவட்ட மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, வெர்லின் பிழைக்கவில்லை என்று சொன்னார். ஆர்டித் அவருக்கு நன்றி சொன்னாள். அவளை அழைத்து வந்திருந்த ஆம்புலன்ஸ் தொண்டர் அவள் தோளைத் தொட்டபோதும் நன்றி சொன்னாள். ஒரு பிளாஸ்டிக் பையில் வெர்லினின் உடைமைகளைக் கொடுத்தார்கள். அதற்கும் நன்றி என்றாள். அழுகை வரவில்லை. வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது, உள்ளே யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் பையைப் பிரித்தாள். பச்சைக் கம்பளிச் சட்டையை நெடுகக் கத்தரித்திருந்தார்கள். மார்பில் மார்ஷின் பெயர் போட்ட தகரப் பட்டன் குத்தியபடியே இருந்தது. தோளில் ஒரு ஸ்டிக்கர். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. வின்ஸ்லோ.

அவளுடைய சுருளிலிருந்து கிழித்த ஸ்டிக்கர்தான். அவள் அவனுக்கு ஒட்டவில்லை. அவன் ஒட்டிக்கொள்ளவும் இல்லை. ஆர்டித் கம்பளிச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். 

மறுநாள் காலை டெல்ஃபா கண்ணாடிப் பாத்திரத்தில் நூடுல்ஸும் மாட்டிறைச்சியும் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிக்கொண்டு அழுதாள். ஆர்டித் அவளை உட்காரவைத்துக் காப்பி ஊற்றினாள். பிறகு ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டாள்.

டெல்ஃபா கொஞ்சமும் மறைக்கவில்லை. தான்தான் ஒட்டியதாகச் சொன்னாள். ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கும்போது கையை நீட்டித் தோளில் ஒட்டினாளாம். அவன் இந்தப் பக்கம்தானே வந்துகொண்டிருந்தான், பாதியில் விழுந்தவனைப் பாதியிலேயே விட்டுவிட மனம் வரவில்லை என்றாள். வண்டி போன பிறகு எல்லோரும் அரை மணி நேரம் காத்திருந்தார்களாம். அப்புறம் நார்பர்ட் மைக்கைப் பிடித்து, இரண்டாவது எண்ணிக்கையை முடித்தாக வேண்டுமே, ஆர்டித்தை அவள் மூலையிலேயே எண்ணிவிடலாம், வெர்லினை எங்கே எண்ணுவது என்று அழுதுகொண்டே கேட்டாராம். மார்ஷ் ஆட்களே, அவன் போன பக்கமே போகட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பெண்கள் எல்லாம் விம்மினார்களாம்.

“அப்ப நமக்கு ஆள் தேறிடுச்சா?” என்று கேட்டாள் ஆர்டித்.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவள் காதில் விழுந்தது. தம்பியின் சட்டை மேசை மேல் கிடக்கிறது. இவளுக்கு எண்ணிக்கை வேண்டியிருக்கிறது. வெட்கம் காது வரை சுட்டது.

“தேறிடுச்சு,” என்றாள் டெல்ஃபா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. “மாவட்டத்துக்கு நம்ம பிரதிநிதி ஒருத்தர் போறார். வெர்லின் குடுத்தது. நீ அத நெனச்சு மனச தேத்திக்கோ.”

அவன் கேட்டதையும் தான் மறுத்ததையும் ஆர்டித் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். டெல்ஃபாவின் முகத்தைப் பார்த்ததும் காப்பியைக் குடித்தாள்.

அடக்கத்துக்கு முந்தின நாள் மாலை சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஊர் வந்தது. பனிக்காற்றில் வாசலுக்கு வெளியே வரை வரிசை நின்றது. வருகிற ஒவ்வொருவரும் ஆர்டித்தின் கையைப் பிடித்து, வெர்லினின் அந்த நடையை எங்கிருந்து பார்த்தேன் என்று சொன்னார்கள். அதற்குள் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்திருந்தன. அக்கா, நான் வந்துவிட்டேன் என்று அவன் சொன்னதைக் காதால் கேட்டதாக ஒருவர் சொன்னார். அவரோ அன்று கடைசி வரிசையில் இருந்தவர், காது கருவி போட்டவர். நடந்து வரும்போதே மார்ஷ் பட்டனைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான் என்று ஒரு பெண் சத்தியம் செய்தாள். அந்தப் பட்டன் அந்த நிமிடத்தில் ஆர்டித்தின் சமையலறை மேசையில் இருந்தது.

அவள் அதிர்ந்துபோனாள். இத்தனை நாள் பழகிய ஜனம், இத்தனை அன்பாக, இத்தனை சீக்கிரம் ஒரு மனிதனை மாற்றிவிட முடியுமா? பெட்டிக்குள் படுத்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். முகத்துக்கு ஏதோ பூசி, வகிடு எடுத்துச் சீவியிருந்தார்கள். வெர்லின் வகிடு எடுத்ததே இல்லை.

ஆனாலும் அந்தக் கதையில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது. அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை. கதைப்படி தம்பி அக்காவைத் தேடி வந்தான், அக்கா அவனை ஏந்திக்கொண்டாள். உண்மையில் அவன் காதில் விழுந்த கடைசிப் பேச்சு, தரமாட்டேன். அப்புறம், எல்லாரும் பார்க்கிறார்கள். ஊர் கொடுக்கிற கதையை வாங்கிக்கொண்டால் அந்த இரண்டையும் யாருக்கும் காட்டாமல் புதைத்துவிடலாம். செத்தவனுக்கு என்ன நஷ்டம் என்று அன்றிரவு படுக்கையில் நினைத்துப் பார்த்தாள். தூக்கம் வரவில்லை.

மறுநாள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அடக்கத்துக்குப் பிறகான சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. பன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் மேசையில் இரண்டு பக்கத்துப் பெண்களும் தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். இலையுதிர் காலத்திலிருந்து ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்காதவர்கள், கத்தியைக் கொடு, பன்றி இறைச்சியைத் தள்ளு என்று பேசிக்கொண்டார்கள். வெர்லினின் நடைதான் அவர்களைச் சேர்த்து வைத்தது. பாஸ்டர் இங்க்ரிட் அதைத்தான் பிரசங்கத்தில் சொல்லப்போகிறார். முன்னதாகவே ஆர்டித்திடம் சொல்லி அனுமதியும் கேட்டிருந்தார். அவள் தலையை அசைத்திருந்தாள். அது ஆமாவா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

வின்ஸ்லோவின் மாவட்டப் பொறுப்பாளர் ட்ரூடி படியிறங்கி வந்தாள். மாநிலத் தலைநகர் டெஸ் மாய்னிலிருந்து இந்தப் பனியில் வண்டி ஓட்டி வந்திருக்கிறாள். முகத்தில் துக்கமும் பரபரப்பும் கலந்து இருந்தன. போனைக் கைக்குள் பொத்திக்கொண்டு, செனட்டர் லைனில் இருக்கிறார், உங்களோடு பேச வேண்டுமாம் என்றாள்.

 ட்ரூடி போனை வெண்ணெய்க் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்து, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் போட்டாள். பெட்டி தூக்க வந்திருந்த ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பிரசங்கத்தைக் கையில் பிடித்தபடி பாஸ்டர் இங்க்ரிட் வாசலில் நின்றார். ஐந்து மாதம் கதவு கதவாகத் தட்டியும் இந்தக் குரல் ஒரு நாளும் தன் பெயரைச் சொல்லி அழைக்கும் என்று ஆர்டித் நினைத்ததில்லை.

செனட்டர் நிதானமாகப் பேசினார். தன் அண்ணன் இறந்ததைப் பற்றிச் சொன்னார். அதில் நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இந்த மாநிலத்தில் மயிரிழையில் தோற்றதையும், அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷயரில் மக்கள் ஓட்டுப் போடுவதையும் சொன்னார். கட்சி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, இந்த நேரத்தில் உங்கள் தம்பியின் கதை எவ்வளவோ பேருக்கு ஆறுதல் தரும், நாளை மேடையில் அதைச் சொல்ல எனக்கு அனுமதி கொடுப்பீர்களா என்று கேட்டார்.

டெல்ஃபா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்டித் போனைப் பார்த்தாள். அவர் ஜெயிக்க வேண்டும். அதில் அவளுக்கு இம்மியும் மாற்றமில்லை. ஒரு ஆமா சொன்னால் போதும். இந்த ஊரே சொல்லச் சொல்கிறது. மேசையில் நிற்கிற பெண்கள் சேர்ந்தே நிற்பார்கள், வின்ஸ்லோவுக்கு நாலு ஓட்டுக் கூடும், அவள் சொன்ன தரமாட்டேன் அவளோடு போகும். வெர்லின் மட்டும் இனி எப்போதும் வின்ஸ்லோவின் ஆளாக இருப்பான்.

“செனட்டர்,” என்றாள். குரல் அவளுடையதாகவே வந்தது. “அவன் எங்க பக்கம் வரல.”

போனின் பக்கம் இன்னும் குனிந்தாள்.

“எங்க ஆளுங்கள இழுத்துட்டுப் போக வந்தான். உன் மூல தேறாது, ஆளுங்கள என்கிட்ட அனுப்புன்னான். ஒருத்தரக்கூடத் தரமாட்டேன்னேன். பாக்கலாம்னு சிரிச்சான். அவ்ளோதான் பேச்சு. அப்புறம் விழுந்துட்டான். எந்திரி, எல்லாரும் பாக்கறாங்கன்னு அதட்டினேன்.” மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அவன் மார்ஷ் ஆளாத்தான் வந்தான். மார்ஷ் ஆளாத்தான் செத்தான்.”

ட்ரூடி போனை எடுக்கக் கையை நீட்டினாள். அதற்குள் செனட்டரின் குரல் வந்தது. அவர் கோபப்படவில்லை, கொஞ்சம் களைப்பாக மட்டும் இருந்தார்.

“நீங்க இன்னும் நம்ம பக்கம்தானம்மா?”

“என் ஓட்டு உங்களுக்குத்தான், சார். அவனோடத நான் எடுத்துக் குடுக்க முடியாது.”

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். ட்ரூடி போனைக் கைப்பைக்குள் போட்டு, படியேறினாள். காப்பிக் கொதிகலன் மட்டும் ஒரு மூலையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போது பெட்டி தூக்க வந்தவர்களில் ஒருவர், பன்றி வளர்க்கும் கெர்ஹார்ட், ஐந்து மாதமும் வெர்லினோடு மார்ஷுக்காகச் சுற்றியவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டார்.

“அப்படித்தான் கேட்டிருப்பான்,” என்றார். “தேறாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பான். எங்கிட்ட என் பன்னியப் பத்தியே அப்படித்தான சொல்லுவான்.”

நான்கு நாளில் முதல் தடவையாக யாரோ ஒருவர் வெர்லினைப் பற்றிப் பேசுவதை ஆர்டித் கேட்டாள். அழுகை அப்போதுதான் வந்தது. உட்கார நாற்காலி தேட நேரமில்லாமல், வெண்ணெய் ஒட்டிய மேசை விரிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தம்பி போய்விட்டான் என்பது அந்த மேசையில்தான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. இனி ராச்சாப்பாட்டுக்கு அவன் வந்து சமாதானம் செய்துகொள்ளப்போவதில்லை. அவளாகப் போய்க் கூப்பிடவும் வழியில்லை.

தலையை நிமிர்த்தியபோது நார்பர்ட் எதிரே நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. எண்ணிக்கையை மேலிடத்துக்குச் சொல்லியாயிற்று, இப்போது என்ன செய்வது என்று கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள் ஆர்டித். சொன்னால் வின்ஸ்லோவின் பிரதிநிதி போய்விடுவார் என்று அவர் நினைவூட்டினார். தெரியும் என்றாள்.

டெல்ஃபா பன்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “இத்தன பேர் முன்னாடியா சொல்லணும்?” என்றாள். “எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்ல.”

“இத்தன பேர் முன்னாடிதான அவன எண்ணினீங்க?”

டெல்ஃபா தட்டை எடுத்துக்கொண்டு மேசையின் மறுகோடிக்குப் போய்விட்டாள். மெல்ல மெல்ல மற்றப் பெண்களும் விலகினார்கள். மேசையின் நடுவில் ஆள் நிற்கிற அளவுக்கு ஓர் இடைவெளி விழுந்தது. மேலே வழிபாட்டில் பாஸ்டர் இங்க்ரிட் பிரசங்கத்தைத் தொடங்கி, இரண்டாம் தாளைப் புரட்டி, அதை அப்படியே மடித்துப் பைபிளுக்குள் செருகினார்.  வெர்லின் பிடிவாதக்காரர், தேவன் அவரைப் பிடிவாதக்காரராகவே படைத்தார் என்று மட்டும் சொல்லி ஜெபத்துக்குப் போனார். ஆர்டித்துக்கு அது போதுமானதாக இருந்தது.

கல்லறை மேட்டில் காற்று முகத்தை அறுத்தது. உறைந்த மண்ணை இரவெல்லாம் எரிவாயு அடுப்பு வைத்து இளக்கித்தான் குழி வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் பனி வெளுத்துக் கிடக்க, குழியோரம் மட்டும் கறுப்பாகச் சேறாகியிருந்தது. யாரும் சொல்லவில்லை, ஆனாலும் வந்தவர்கள் குழிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கூட்டமாக நின்றார்கள். கெர்ஹார்ட்டும் மார்ஷ் ஆட்களும் அந்தப் பக்கம். டெல்ஃபாவும் மற்ற வின்ஸ்லோ ஆட்களும் இந்தப் பக்கம். ஆர்டித் பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். சொந்தக்காரி என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் தலை குனிந்தார்கள். நார்பர்ட் குனியவில்லை. கூட்டத்தைக் கண்டால் எண்ணாமல் அவரால் இருக்க முடியாது; ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வந்த தலைகளை எண்ணி எழுதுகிறவரும் அவர்தான். கையுறை போட்ட ஒரு விரல் கோட்டோடு ஒட்டி மெல்ல மெல்ல அசைவதை ஆர்டித் பார்த்தாள். அந்தப் பக்கத்தை முடித்தார். இந்தப் பக்கத்துக்கு வரும் வழியில் விரல் அவளிடம் வந்து நின்றது. அவர் அவளைப் பார்த்தார்.

ஆர்டித் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து, டெல்ஃபா நின்ற பக்கத்தைக் காட்டினாள். நார்பர்ட் தலையாட்டிவிட்டு மேற்கொண்டு எண்ணினார். அவள் தம்பியின் தலைமாட்டிலேயே நின்றாள்.